நட்பைப் பெருக்குபவர்

அவரைப் பார்க்க வேண்டுமென்றால் காந்திபுரம் போய், செல்போன் சர்வீஸ் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கும் ஆபீஸைத் தேடி மூச்சு வாங்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் ஏதாவது ஒரு காதுகுத்துக்குப் போனால் போதும். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருப்பார். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே. இஸ்திரி கலையாத வெளிர்நீலச் சட்டை. இலைக்கு இந்தப் பக்கம் ஒரு செல்போன், அந்தப் பக்கம் ஒரு செல்போன், சட்டைப் பையில் மூன்றாவது. அது பந்தி முடிகிற வரை கிர்கிர்ரென்று அதிர்ந்துகொண்டே இருக்கும். சாம்பார் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று தெரிந்துகொள்வார். ரசம் வருவதற்குள் அவருடைய பையன் எந்தக் காலேஜ் என்பதும் தெரிந்துவிடும். மோர் ஊற்றும்போது விசிட்டிங் கார்டு வந்துவிடும்.

கார்டின் முன்பக்கம் ‘டிஜிட்டல் குரோத் கன்சல்டன்ட்’ என்று இருக்கும். பின்பக்கம்தான் பிரதானம். ‘48 மணி நேரத்தில் 5000 நண்பர்கள்! 100% ரியல்! 100% சேஃப்! லைஃப்டைம் கேரண்டி!’ கேரண்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி. அதற்கான அடிக்குறிப்பு எங்கே என்று கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள் உண்டு. இல்லை. அச்சகத்தில் இடம் பற்றவில்லை என்று சொல்லுவார்.

இவர் ஒருவரல்ல. சேலத்தில் ஒருவர் இருக்கிறார், மதுரையில் நாலைந்து பேராவது இருப்பார்கள். நான் சொல்வது எல்லோரையும் சேர்த்துத்தான். கோவைக்காரர் கொஞ்சம் மரியாதை கூடுதலாகப் பேசுவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் விற்பது ஒரு சாஃப்ட்வேர். தானே எழுதியது என்று சொல்லமாட்டார். நாம் அப்படி நினைத்துக்கொண்டால் திருத்தவும் மாட்டார். டெலிகிராம் குழு ஒன்றில் யாரோ யாரிடமோ வாங்கி, அவர் இன்னொருவருக்கு விற்று, கைமாறிக் கைமாறி இவரிடம் வந்து சேர்ந்தது. வந்ததும் மேலே தன் லோகோவை ஒட்டிக்கொண்டார். அது செய்கிற வேலை ரொம்ப எளிது. நம் ஃபேஸ்புக் ஐடிக்குள் நம்மைப் போலவே நுழையும். ‘வீட்டுத் தோட்டம்’, ‘பழைய பாடல் ரசிகர்கள்’ என்று ஏதாவது ஒரு குழுவுக்குப் போகும். அங்கே இருக்கிறவர்களின் பெயர்களை வரிசையாக எடுத்து ஒவ்வொருவருக்கும் நட்பு ரெக்வஸ்ட் தட்டிவிடும். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாற்பது விநாடி, எழுபது விநாடி என்று மாற்றி மாற்றி இடைவெளி விடும், மனிதன் தட்டுகிறான் என்று ஃபேஸ்புக் நம்ப வேண்டுமல்லவா! ராத்திரி மூன்று மணிக்கும் தட்டும். மூன்று மணிக்குத் தூங்காமல் பழைய பாடல் ரசிகர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போகிற மனிதன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று அதை எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இவருடைய பேச்சைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். சாஃப்ட்வேரைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

பொய் சொல்கிறவர் என்று இவரைச் சொன்னால் அது அநியாயம். உண்மையைத்தான் சொல்லுவார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது தெரிந்தவர்.

“அமெரிக்காவுல ஒரு பையங்ணா. பத்தொம்பது வயசு. ஃபேஸ்புக்குக்கு முன்னாடி மைஸ்பேஸ்னு ஒண்ணு இருந்துச்சுங்கல்ல? அதுல ஒரே ஒரு கோடு எழுதி விட்டானுங்க. இருவது மணி நேரத்துல பத்து லட்சம் ஃப்ரெண்ட்ஸ்! பேரு சாமிங்ணா.”

சாமி என்று சொல்லும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

அத்தனையும் நடந்ததுதான். 2005 அக்டோபரில் சாமி காம்கார் என்ற இளைஞர் தன் மைஸ்பேஸ் பக்கத்தில் ஒரு நிரலை ஒளித்து வைத்தார். அந்தப் பக்கத்தை யார் பார்த்தாலும் அவர்கள் கணக்கிலிருந்து சாமிக்குத் தானாக நட்பு வேண்டுகோள் போகும். சாமிதான் என் நாயகன் என்று ஒரு வரியும் அவர்கள் பக்கத்தில் ஏறிக்கொள்ளும். நிரலும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அவர்களைப் பார்க்க வந்த அடுத்தவருக்கும் அதே கதி. ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. தளத்தையே கொஞ்ச நேரம் மூடிவைத்துச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. நம்மவர் கதை இங்கே நின்றுவிடும். அதன் பிறகு சாமி மீது வழக்கு வந்ததும், 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டதும், மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்ததும், கம்ப்யூட்டரைத் தொடுவதற்கே கட்டுப்பாடு விதிக்கப்பட்டதும் அவர் கதையில் வராது. இத்தனைக்கும் அந்தப் பையன் யாரிடமும் ஒரு டாலர் வாங்கவில்லை. வேடிக்கைக்குச் செய்து பார்த்தது. இன்றைக்கு அவர் பெயர் பெற்ற கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்.

அடுத்த கதைக்குக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். “அதே அமெரிக்காவுல வாலஸ்னு ஒருத்தருங்ணா. நம்ம ஃபீல்டுதான். ஃபேஸ்புக்ல மட்டும் எவ்ளோனு நெனைக்கறீங்க? எழுவத்தியொரு கோடி டாலருங்ணா! நான் பொய் சொல்லலீங்க, கூகுள்ல போட்டுப் பாத்துக்குங்க.”

கேட்டுக்கொண்டிருப்பவருக்கு வாயில் இருக்கும் வடை இறங்காது. எழுபத்தியொரு கோடி என்ற தொகை சரிதான். பற்றா வரவா என்பதை மட்டும் சொல்லமாட்டார். சான்ஃபோர்டு வாலஸ், அடுத்தவர் கணக்குகளுக்குள் நுழைந்து அவர்களுடைய நண்பர்களுக்கெல்லாம் விளம்பரச் செய்தி அனுப்பினார் என்பதற்காக, ஃபேஸ்புக்குக்கு அவ்வளவு கொடுக்க வேண்டும் என்று 2009இல் நீதிமன்றம் தீர்ப்பளித்த தொகை அது. அதற்கு முந்தின வருடம்தான் மைஸ்பேஸ் தொடுத்த வழக்கில் அவர்மேலும் கூட்டாளிமேலும் சுமார் 23 கோடி டாலருக்குத் தீர்ப்பாகியிருந்தது. கடைசியில் 2016இல் இரண்டரை ஆண்டு சிறை. கூகுளில் போட்டுப் பார்த்தால் இதெல்லாமும் வரும். ஆனால் பந்தியில் உட்கார்ந்து யார் கூகுள் பார்க்கிறார்கள்? கையெல்லாம் சாம்பார்.

மூன்றாவதாக ஒரு கம்பெனி கதை. ஒரே கம்பெனிக்கு இரண்டு லட்சம் கஸ்டமர், அத்தனை பேரும் ஃபாலோயர் வாங்க வந்தவர்கள் என்பார். டெவுமி என்ற அந்தக் கம்பெனிக்கு அத்தனை பேர் இருந்தது நிஜம். அந்த எண்ணிக்கை வெளியே தெரிந்ததே நியூயார்க் டைம்ஸ் 2018 ஜனவரியில் அதன் குட்டை உடைத்தபோதுதான். குறைந்தது 35 லட்சம் தானியங்கிக் கணக்குகளை வைத்துக்கொண்டு, அவற்றையே திரும்பத் திரும்பப் பலருக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவற்றில் நிறையக் கணக்குகள் நிஜ மனிதர்களின் பெயரையும் படத்தையும் திருடி ஒட்டியவை. மறு வருடம் அமெரிக்காவின் வணிக ஆணையம் 25 லட்சம் டாலர் தீர்ப்போடு அந்தக் கடையின் கணக்கைத் தீர்த்தது. நம்மவர் கார்டில் ‘100% ரியல்’ என்று இருக்கிறதே, அது இந்த வகை ரியல். முகம் ரியல். ஆள் வேறு.

கணபதியில் வெட் கிரைண்டர் செய்கிற ஒருவர் இவரிடம் மாட்டினார். மாட்டினார் என்பது என் வார்த்தை. அவர் ‘சேர்ந்தேன்’ என்றுதான் சொல்லுகிறார். இரண்டு தலைமுறைத் தொழில். சரக்கு நயமானது. மகன் சொன்னான் என்று கம்பெனிக்கு ஒரு பேஜ் ஆரம்பித்தார். அறுபது பேர் இருந்தார்கள், அதில் நாற்பது பேர் சொந்தக்காரர்கள். நம்மவர் வந்து உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டு எழுந்தார். அடுத்த வாரம் பேஜில் எட்டாயிரம் பேர். பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொருவராகப் பெயரைப் பார்க்க ஆரம்பித்தார். பழைய காலத்து ஆள், கஸ்டமர் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறவர். பார்த்தால் பாதிப்பேர் இஸ்தான்புல். மீதியில் பாதி ஜகார்த்தா.

“ஏந்தம்பி, இஸ்தான்புல்லுல மாவு ஆட்டறாங்களா?”

“அதுதாங்ணா குளோபல் ரீச்!”

“நம்ம கிரைண்டரு 230 வோல்ட்டு. அங்க ஓடுமா?”

“ஓடுங்ணா. அங்கயும் அதே வோல்ட்டுதான்.”

அது நிஜம். துருக்கியிலும் 230 வோல்ட்தான். நான்தான் சொன்னேனே, மனிதர் பொய் சொல்வதில்லை.

பிறகு நடந்தது பெரியவருக்குப் புரியவே இல்லை. முன்பு அறுபது பேர் இருந்தபோது ஒரு படம் போட்டால் இருபது பேர் லைக் போடுவார்கள், சித்தப்பா மகன் விலை கேட்பான். இப்போது எட்டாயிரம் பேர் இருக்கிறார்கள், ஒரு ஈ காக்கை எட்டிப் பார்ப்பதில்லை. காரணம் சாதாரணமானதுதான். பேஜில் ஒன்று போட்டால் ஃபேஸ்புக் அதை எல்லோருக்கும் காட்டுவதில்லை. முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கிறது. அவர்கள் கண்டுகொண்டால்தான் மேலும் காட்டுகிறது. இஸ்தான்புல்லில் இல்லாத ஒரு மனிதனுக்கு இரண்டு லிட்டர் டில்டிங் கிரைண்டரைக் காட்டினால் அவன் என்ன செய்வான்? சும்மா இருப்பான். அவன் சும்மா இருப்பதைப் பார்த்து, இது யாருக்கும் வேண்டாத சரக்கு என்று ஃபேஸ்புக் முடிவு கட்டிவிடும். காசு கொடுத்து வாங்கிய கூட்டம் சித்தப்பா மகனையும் வரவிடாமல் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

வடவள்ளியில் பொடி வியாபாரம் செய்யும் அக்காவின் கதை வேறு. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எல்லாம் வீட்டிலேயே அரைத்து விற்கிறவர். அவருக்கு நம்மவர் ‘ஆட்டோ கமென்ட்’ என்ற கூடுதல் வசதியையும் சேர்த்துக் கொடுத்தார், அக்கா என்பதால் சலுகை விலை. அக்கா அடுப்படியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருக்கையில், அக்கா பெயரில் சாஃப்ட்வேர் ஊரெல்லாம் போய்ப் பேசிக்கொண்டிருக்கும். ‘சூப்பர்’, ‘செம’, ‘வேற லெவல்’ என்று பத்துப் பதினைந்து பாராட்டுகள் உள்ளே ஏற்றியிருக்கும். சுழற்றிச் சுழற்றிப் போடும். கல்யாணப் படத்துக்கு ‘வேற லெவல்’. குழந்தை படத்துக்கு ‘செம’. சிங்காநல்லூரில் அக்காவின் சின்ன மாமியார் காலமாகி, மாலை போட்ட படத்தோடு கண்ணீர் அஞ்சலி போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே அக்கா பெயரில் ‘தெறி மாஸ்’ என்று விழுந்து, கூடவே மூன்று நெருப்புப் படம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அக்காவுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அக்கா போனில் கத்தினதைக் கேட்டு நம்மவர் வருத்தப்பட்டது உண்மை. நேரில் போய், பெரியவர்கள் காலில் விழாத குறையாக விளக்கிச் சொல்லிச் சமாதானம் செய்து வைத்தவரும் அவரே. திரும்பும்போது அந்த வீட்டு மாப்பிள்ளையிடம் கார்டு கொடுத்துவிட்டு வந்தார் என்று கேள்வி.

கஸ்டமர் எல்லாரும் அப்பாவிகள் என்றும் நினைத்துவிடக் கூடாது. கவுன்சிலர் சீட்டுக்கு அலைந்துகொண்டிருந்த ஒருவர் முதல் சந்திப்பிலேயே, “தம்பி, ஒரிஜினல் ஆளெல்லாம் வேண்டாம், அவனுக கேள்வி கேப்பானுக. எண்ணிக்கை மட்டும் போட்டுக் குடு” என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். மாவட்டத்திடம் காட்டத்தான் அது. போட்டுக் கொடுத்தார். காட்டினார். மாவட்டம் செல்போனை வாங்கி ஒரு நிமிஷம் தள்ளிப் பார்த்துவிட்டு, “எந்தப் பேனல்ல எடுத்தீங்க? ஆயிரத்துக்கு எவ்ளோ போட்டான்?” என்று கேட்டாராம். தொகையைச் சொன்னதும், “ஏமாந்துட்டீங்களே” என்று உண்மையான அனுதாபத்தோடு தன்னுடைய ஆளின் நம்பரைக் கொடுத்தார். யாரும் யாரையும் ஏமாற்றாத இப்படியொரு வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கணக்கு முடங்கும்போதுதான் நம்மவரின் முழுத் திறமையும் வெளிப்படும். முடங்காமல் இருப்பதில்லை. 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் ஒரு பெரிய கூட்டல் நடத்தி, போலிகளை வழித்து வாசலில் கொட்டியது. அதில் பாடகர் ஜஸ்டின் பீபருக்கே 35 லட்சம் பேர் குறைந்தார்கள். இன்ஸ்டாகிராமின் சொந்தக் கணக்கிலிருந்து ஒன்றே முக்கால் கோடிக்கு மேல் போனது. 2019இன் முதல் மூன்று மாதத்தில் மட்டும் ஃபேஸ்புக் நீக்கிய போலிக் கணக்குகள் சுமார் 220 கோடி. அப்போது மாதாமாதம் அதைப் பயன்படுத்தியவர்களே ஏறக்குறைய 238 கோடிப் பேர்தான். கொடிகட்டிப் பறந்த இன்ஸ்டாகிரெஸ் என்ற தானியங்கிக் கடை, இன்ஸ்டாகிராம் கேட்டுக்கொண்டதால் 2017 ஏப்ரலில் ஷட்டரை இறக்கிவிட்டது. உலகமே இப்படி ஆடிக்கொண்டிருக்கும்போது காந்திபுரத்துச் சாஃப்ட்வேர் மட்டும் ‘100% சேஃப்’ என்றால், யாருக்கு சேஃப் என்று கேட்டிருக்க வேண்டும். அவருக்குத்தான். ஐடி நம்முடையது, பாஸ்வேர்டு நம்முடையது, முடங்கினால் அடையாள அட்டையைப் படம் பிடித்து ஃபேஸ்புக்குக்கு அனுப்பிக் காத்துக்கிடக்க வேண்டியதும் நாம்தான்.

“ணா, ஐடியே ஓப்பன் ஆகலீங்களே?”

“பதட்டப்படாதீங்ணா. அது கூலிங் பீரியடு.”

“எல்லாத்தையும் தூக்கிட்டாங்கன்னு வருதுங்க.”

“ஜுக்கர்பெர்க் சர்வர் மாத்தறானுங்ணா. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குது. நீங்க வீட்ல வைஃபை ஏதாச்சும் மாத்துனீங்களா?”

“இல்லீங்களே.”

“யோசிச்சுப் பாருங்ணா.”

யோசித்துப் பார்த்தால், போன மாதம் ரௌட்டரை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தது ஞாபகத்துக்கு வரும். அதைச் சொன்னால் போச்சு. “அதாங்ணா! சொல்லீருந்தீங்கன்னா நான் செட்டிங் மாத்தியிருப்பனே!” நகர்த்தினவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைப்பார். சிலர் புது ஐடிக்கு அப்போதே ஆர்டரும் கொடுத்துவிடுவார்கள்.

தொழில் பாஷை ஒன்றும் வைத்திருக்கிறார். உதிராதது என்றால் ‘நான் டிராப்’. அது உதிர்ந்தால் திரும்ப நிரப்பித் தருவது ‘ரீஃபில்’. உதிராத ஒன்றுக்கு எதற்கு நிரப்புதல் என்று கேட்கக் கூடாது. ரீஃபிலுக்கு முப்பது நாள் கெடு. உதிர்வது பெரும்பாலும் கெடு கழிந்த பிறகுதான் கண்ணில் படும். ‘லைஃப்டைம்’ என்பது யாருடைய லைஃப் என்பதையும் விசாரித்தேன். சாஃப்ட்வேருடையதாம். ஃபேஸ்புக் தன் பக்க அமைப்பைக் கொஞ்சம் மாற்றி வைத்தால் அதன் ஆயுசு முடிந்தது. பிறகு அடுத்த வெர்ஷன், அடுத்த லைஃப்டைம், அடுத்த ரசீது. சமீபகாலமாக எல்லாவற்றுக்கும் முன்னால் ‘ஏஐ’ சேர்த்துக்கொண்டிருக்கிறார். விலை கொஞ்சம் கூடியிருக்கிறது. தட்டுவது அதே தட்டுதான். ‘அன்லிமிடெட் ஃப்ரெண்ட்ஸ்’ என்று ஒரு திட்டமும் உண்டு. ஃபேஸ்புக்கில் தனி மனிதருக்கு ஐயாயிரம் நண்பர்களுக்கு மேல் ஏறாது, யாராக இருந்தாலும் அதுதான் எல்லை. கேட்டால், “ரெக்வஸ்ட் அன்லிமிடெட்டுங்ணா” என்பார்.

இவருடைய ரெக்வஸ்ட்டை யார்தான் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். முகம் தெரியாத கிரைண்டர்காரரோடு நட்பாக யாருக்கு ஆசை? விசாரித்தால், ஏற்றுக்கொள்வதற்கும் சாஃப்ட்வேர் வந்துவிட்டதாம், வருகிற ரெக்வஸ்ட்டை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஓகே தட்டுவதற்கு. ஆக, இங்கே ஒரு சாஃப்ட்வேர் கை நீட்டுகிறது, சூரத்தில் புடவைக்காரரின் சாஃப்ட்வேர் கை குலுக்குகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொள்கின்றன. மனிதர்கள் குறுக்கே வராதவரை அந்த நட்பில் ஒரு மனஸ்தாபம் கிடையாது.

இப்படிப்பட்டவருக்கு வாடிக்கை எங்கிருந்து வருகிறது? நான் கவனித்த வரையில் சாஃப்ட்வேரிலிருந்து ஒரு ஆள்கூட வந்ததில்லை. எல்லாமே பந்தியில் பிடித்தது. மனிதருக்கு ஞாபகசக்தி அபாரம். இரண்டு வருடம் முன்பு ஒருமுறை பார்த்தவரின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு என்று நினைவு வைத்திருந்து, ரிசல்ட் அன்றைக்குப் போன் செய்வார். கிரைண்டர் பெரியவருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தது இவர்தான். பெரியவரின் மகன் அன்றைக்குப் பெங்களூரில். கல்யாணம் என்றால் முதல்நாள் சாயங்காலமே போய் வாழைமரம் கட்டுகிற இடத்தில் நிற்பார். இழவு வீட்டில் ஷாமியானாக்காரரிடம் பேரம் பேசுவார். எட்டாயிரம் இஸ்தான்புல்காரர்களைத் தலையில் கட்டினவர்மேல் பெரியவருக்கு ஏன் இன்னும் கோபம் வரவில்லை என்று எனக்கு இதற்குப் பிறகுதான் விளங்கியது. “பையன் நல்ல பையன். சாஃப்ட்வேரு கொஞ்சம் அப்படி இப்படி” என்று மட்டும் சொல்லுகிறார். அடுத்த வெர்ஷனும் வாங்கிவிட்டார்.

அவருடைய சொந்த ஃபேஸ்புக் கணக்கைப் போய்ப் பார்த்தேன். நண்பர்கள் நானூற்றுச் சொச்சம். எல்லோரும் நிஜ ஆட்கள், முக்கால்வாசிப் பேர் எனக்கே தெரிந்தவர்கள். குலதெய்வக் கோயில் படம், தங்கை குழந்தையின் முதல் பிறந்தநாள், பழைய கல்லூரி நண்பர்களோடு வால்பாறை. ஒவ்வொன்றின் கீழும் மனிதர்கள் வந்து விசாரித்திருந்தார்கள், கிண்டல் செய்திருந்தார்கள், ஒருவர் கைமாற்றுப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தார்.

போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் பக்கத்து இலை கிடைத்தது. பாயசத்தை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவரிடம், “ஏன் தம்பி, ஊருக்கெல்லாம் ஐயாயிரம் ஏத்தி விடறீங்க. உங்க ஐடில மட்டும் சாஃப்ட்வேரைப் போடலியே?” என்று கேட்டேன்.

டம்ளர் பாதியில் நின்றது.

“ஐயோ, அதுல எங்கம்மா இருக்காங்கண்ணா!”